கரும்பின் குரோமோசோமை எண்ணியவர், காட்டுக்காகக் குரல் கொடுத்தவர்: யார் இந்த ஜானகி அம்மாள்?

கார்த்திகை தீபத் திருவிழா சமயத்தில் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில் வலம் வருவதைப் பார்த்திருப்பீங்க. வேண்டுதல் பலித்துக் குழந்தை பிறந்தால், கரும்புகளில் தொட்டில் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு பெற்றோர் கோயிலைச் சுற்றி வருவது இங்கே வழக்கம். இதே மாவட்டத்தின் செய்யாறு பக்கம் கரும்பு என்றால் ஆலை, டிராக்டர், நிலுவைத் தொகை. கரும்பு இங்கே வேண்டுதலும்தான், பிழைப்பும்தான்.

அந்தக் கரும்பின் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் தேடிய தாவரவியலாளர்களில் ஒருவர், இ.கே. ஜானகி அம்மாள்.

தலச்சேரியில் இருந்து மிச்சிகன்

1897 நவம்பர் 4-ம் தேதி, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். அப்பா நீதிபதி. வீட்டில் தோட்டமும் பறவைகளும்தான் அவருக்கு ஆர்வம். சகோதரிகளுக்கு வரிசையாகக் கல்யாணம் நடக்க, ஜானகி மட்டும் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னை ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி என்று படித்துவிட்டு, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைக்க, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-ல் டாக்டர் பட்டம். இந்தியப் பெண்கள் பலருக்குப் பள்ளிப் படிப்பே எட்டாத காலம் அது.

கரும்பை இனிப்பாக்கியவர் இவரா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை இப்படித்தான் சொல்லும். உண்மை கொஞ்சம் வேறு. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-லேயே வந்துவிட்டது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சாதாரணக் கரும்பை ஒருவகைக் காட்டு நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம், 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது. ஜானகி அங்கே சேர்ந்தது 1934-ல்.

அப்போ இவர் செய்தது என்ன? அந்தக் கலப்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்கான அடித்தளத்தைத் தேடினார். தித்திப்பான பழைய கரும்பில் 80 குரோமோசோம்கள். நாணலில் அப்படி ஒரே கணக்கு கிடையாது. இடத்துக்கு இடம் 40-ல் இருந்து 128 வரை மாறும். தித்திப்பு குறைவுதான், ஆனால் நோய் தாங்கும், வறட்சி தாங்கும். இந்திய நாணல் வகைகளின் குரோமோசோம்களை எண்ணி ஒப்பிட்டார் ஜானகி. கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். கரும்பு, மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவரது கட்டுரை 1938-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

வேலை இப்படிப் போனாலும் கோவை நாட்கள் சுலபமாக இல்லை. கல்யாணம் ஆகாத பெண், பிற்படுத்தப்பட்ட தீயர் சமூகம். ஆண்கள் நிறைந்த அந்த நிலையத்தில் இரண்டுமே அவருக்குத் தடையாக இருந்தன என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

போர்க்கால லண்டன்

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப் போர் வெடித்தது. அங்கேயே தங்கிவிட்டார். லண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை. சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த நூலை 1945-ல் வெளியிட்டார். பயிர் ஆராய்ச்சியாளர்களுக்கு அது நெடுநாள் கைநூலாக இருந்தது.

அடுத்து ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டம். அங்கே இவர் கையில் எடுத்தது கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள். நம்ம ஊர் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே பொருள்தான். இளம் செடியின் குருத்தில் இதை வைத்தால், செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிரியாமல் இரட்டிப்பாகும். இலையும் பூவும் தடிமனாகலாம், பெரிதாகலாம். மக்னோலியா மரங்களில் இதைச் செய்து பார்த்தார். வெள்ளைப் பூ பூக்கும் ஒரு மக்னோலியா ரகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நேரு அழைத்தார்

1951-ல் பிரதமர் நேருவின் அழைப்பில் நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அடுத்த ஆண்டு வந்தது. நம்ம செடிகளை நம்ம ஆட்களே, நம்ம மண்ணிலேயே ஆராய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1955-ல், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றி அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர்தான். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

80 வயதில் சைலன்ட் வேலி

கேரளத்தின் குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி, மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் வந்தது. கட்டியிருந்தால் சைலன்ட் வேலி மழைக்காட்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போயிருக்கும். எதிர்த்தவர்களோடு ஜானகியும் நின்றார். அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பிலும் இறங்கினார்.

வாழ்நாள் முழுக்கச் செடிகளைக் கலந்து புது ரகம் தேடிய ஒருவர் காட்டுக்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பதில் அந்த நாணலிலேயே இருக்கிறது. வயலில் நோய் வந்தால் மருந்து காட்டு உறவுக்காரச் செடியில் இருக்கலாம். காடு போனால் அந்த வழியும் அடைபடும். நாளைக்கு எந்தச் செடி தேவைப்படும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கடைசிக் காலம் சென்னை மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் கள ஆய்வகத்தில் கழிந்தது. 1984 பிப்ரவரி 7-ல் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று என்ன மிச்சம்?

ஜம்முவில் ஓர் உலர் தாவரக் காப்பகம் அவர் பெயரில் இயங்குகிறது. கொடைக்கானலில் உருவான ஒரு மஞ்சள் ரோஜாவுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கோவைக் கரும்பு நிலையம் இன்றும் காட்டு வகைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. உலகக் கரும்பு வகைகளைப் பராமரிக்கும் அதன் இன்னொரு மையம் இருப்பது கண்ணூரில். அவர் பிறந்த தலச்சேரி அதே மாவட்டம்தான்.