மொழியைக் கற்றார், நோயும் கூடவே வந்தது: யார் இந்த ழான் தெ பிரெபூஃப்?

ழான் தெ பிரெபூஃப், கனடாவின் பாதுகாவலர்களாகக் கத்தோலிக்கர்கள் போற்றும் புனிதர்களில் ஒருவர். ஆனா, அவர் யாரைத் தேடிப் போனாரோ, அந்த வென்டாட் பழங்குடியினரில் பலர் அவரை உயிரைப் பறிக்கும் மந்திரவாதி என்றே நம்பினார்கள். ஏன்?

காலனிக்கு வந்தது எப்படி?

1593-ல் பிரான்ஸின் நார்மண்டியில் பிறந்தார். 1617-ல் இயேசு சபையில் சேர்ந்து, 1625-ல் கியூபெக் வந்தார். நியூ பிரான்ஸ் என்ற காலனியின் சின்னக் குடியேற்றம் அது. பீவர் தோல் வியாபாரம்தான் அதற்குச் சோறு போட்டது. அந்த வியாபாரத்தில் முக்கியக் கூட்டாளிகள் வென்டாட் மக்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஹியூரான். இன்றைய ஒன்டாரியோவில், ஜார்ஜியன் விரிகுடா பக்கம் மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். 1626-ல் மரப்பட்டைப் படகில் பல வாரம் பயணம் செய்து அவர்களிடம் போனார். 1629-ல் ஆங்கிலேயர் கியூபெக்கைப் பிடித்ததால் பிரான்ஸ் திரும்பியவர், 1634-ல் மறுபடி அங்கேயே வந்து சேர்ந்தார்.

மொழியில் என்ன சிக்கல்?

முதலில் மொழி, பிறகுதான் போதனை என்பது அவர் வழி. அதே காலத்தில் மதுரையில் ராபர்ட் தெ நோபிலி தமிழ் கற்றதும் இதே சபையின் பாணிதான். வென்டாட் மொழியில் ப, ம மாதிரி உதடு ஒட்டும் ஒலிகளே கிடையாது. தந்தை என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. யாருடைய தந்தை என்பதையும் சேர்த்தே சொல்லணும். அதனால், ஜெப வாசகத்தையே எங்கள் தந்தை, அவருடைய மகன் என்று மாற்ற மேலிடத்தில் அனுமதி கேட்டார்.

நோய் என்ன செய்தது?

1634 முதல் 1640 வரை ஐரோப்பியர்களோடு வந்த தொற்றுநோய்கள் அலை அலையாகத் தாக்கின. கடைசியாக வந்தது பெரியம்மை. வென்டாட் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். சாகக் கிடந்தவர்களுக்குப் பாதிரியார்கள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தண்ணீர் தெளித்தால் சாவு வருகிறது என்று மக்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. 1637-ல் அவரைக் கொல்லும் பேச்சு எழுந்தது. சாகப்போகிறவர்கள் தரும் வழக்கமான விருந்தை அவரே ஊரைக் கூட்டி வைத்தார். உயிர் தப்பியது.

முடிவு?

ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கி விற்றார்கள். ஊர் ரெண்டாகப் பிளந்தது. எதிரிகளான இரோகுவா கூட்டமைப்புக்கோ டச்சு வணிகர்களிடமிருந்து துப்பாக்கி தாராளமாகக் கிடைத்தது. 1649 மார்ச் 16-ல் அவர்கள் பிரெபூஃபைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஞானஸ்நானத்தைக் கேலி செய்து கொதிநீரை ஊற்றியவர்களில், இரோகுவாக்களோடு சேர்ந்துவிட்ட வென்டாட் ஆட்களும் இருந்ததாகச் சபையின் பதிவுகள் சொல்கின்றன.

சில மாதங்களிலேயே வென்டாட் நாடு சிதறியது. தப்பியவர்களில் சில நூறு பேர் 1650-ல் கியூபெக் பக்கம் போனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று வென்டாகே என்ற ஊரில் வாழ்கிறார்கள்.

1930-ல் திருச்சபை பிரெபூஃபுக்குப் புனிதர் பட்டம் தந்தது. வென்டாட் மொழியோ பேச ஆளில்லாமல் போனது. இப்போது அதை மீட்க வாரிசுகள் புரட்டுவது, அவர் சபையினர் எழுதிவைத்த அகராதிகளைத்தான். மதம் மாற்றத் தொகுத்த சொற்கள், மொழியைத் திரும்பப் பெற உதவுகின்றன.