மந்திரி மீதே வழக்குத் தொடுத்த ஜான் வில்க்ஸ்

வீட்டைச் சோதனை போட வந்தால் வாரண்ட் எங்கே, அதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை இங்கிலாந்தில் 260 ஆண்டுகளுக்கு முன்பே கோர்ட்டில் எழுப்பியவர் ஜான் வில்க்ஸ்.

1725-ல் லண்டனில் பிறந்தார். தந்தை சாராயம் வடிக்கும் தொழில் நடத்திய செல்வர். வில்க்ஸ் மாறுகண் உடையவர், கடனாளி, உல்லாசப் பிரியர். ஆனால் பேச்சில் மன்னர். 1757-ல் எம்.பி. ஆனார். 1762-ல் "நார்த் பிரிட்டன்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

பெயர் இல்லாத வாரண்ட்

1763 ஏப்ரல் 23-ந் தேதி வெளியான 45-வது இதழ், மன்னரின் பார்லிமெண்ட் உரையைக் கடுமையாகத் தாக்கியது. மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு வாரண்ட் பிறப்பித்தார். அதில் யார் பெயரும் இல்லை. எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் யாராயினும் பிடிக்கலாம் என்று இருந்தது.

அப்போது இன்றுள்ளது போன்ற போலீஸ் இலாகா இல்லை. அரசாங்கச் சேவகர்களே புறப்பட்டார்கள். 40-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். வில்க்ஸ் லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் வீட்டில் பூட்டுகளை உடைத்து, காகிதங்களை மூட்டை கட்டிச் சென்றார்கள். எம்.பி. என்பதால் ஒரு வாரத்தில் விடுதலையானார்.

தொழிலாளிக்கு 300 பவுன்

பிடிபட்ட அச்சுத் தொழிலாளர்கள் சேவகர்கள் மீது வழக்குப் போட்டார்கள். ஹக்கிள் என்பவருக்கு வாரக் கூலி ஒரு கினி. அதாவது ஒரு பவுன், ஒரு ஷில்லிங். காவலில் இருந்தது சுமார் 6 மணி நேரம். இறைச்சியும் பீரும் கொடுத்து மரியாதையாகவே நடத்தினோம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஜூரிகள் 300 பவுன் நஷ்டஈடு அளித்தார்கள். அது 5 ஆண்டுக் கூலிக்கும் மேல்! தொகை அதிகம் என்ற முறையீட்டைத் தலைமை நீதிபதி பிராட் ஏற்கவில்லை. சாப்பாடு போட்டதால் சட்டவிரோதக் காவல் சரியாகிவிடாது அல்லவா?

வில்க்சுக்கு, சோதனையை நடத்திய உதவிச் செயலாளர் உட்டிடமிருந்து 1,000 பவுன் தீர்ப்பானது.

ஆறு ஆண்டுப் போராட்டம்

ஹாலிபாக்ஸ் வழக்கை இழுத்தடித்தார். இதற்குள் வில்க்ஸ் பிரான்சுக்கு ஓடினார், எம்.பி. பதவி பறிபோனது. 1768-ல் திரும்பி வந்து சிறை சென்றார். சிறையில் இருந்தபோதே 1769-ல் தீர்ப்பு வந்தது. மந்திரி கொடுக்க வேண்டியது 4,000 பவுன்!

1774-ல் லண்டன் மேயரானார். 1780 கலவரத்தில் கூட்டத்தின் மீது சுடச் செய்து, ஏழைகளின் ஆதரவை இழந்தார். 1797-ல் காலமானார்.

நம் நாட்டிலும் 1985-ல், சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்ட காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்குக்கு ரூ.50,000 கொடுக்க சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. வில்க்சும் பீம் சிங்கும் பதவியில் இருந்தவர்கள். ஹக்கிளோ வாரக் கூலிக்காரர். அவரும் வென்றார் என்பதே இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத பகுதி.