இரண்டு முறை தோற்றவர் தந்த மாத்திரை

(மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன்)



போன வருடம் எங்க அக்கா பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். நர்ஸம்மா கொடுத்த சிவப்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று, அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம் என்று போட்டிருந்தது. இரும்பு நமக்குத் தெரியும், பட்டறையில் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். ஃபோலிக் அமிலம்? நூலகத்தில் தேடப்போய்த்தான் டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவைத் தெரிந்துகொண்டேன்.

இவர் 1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை பெயிலானார். அம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதிப் பாஸானார். இதைப் படித்தபோது என் கணக்கு அரியரும், தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா அடகு வைத்த தோடும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைப் பறித்துக்கொண்டது. சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தம் சுண்டிப்போகும் நோய் அது. அவரையும் பிடித்தது, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

பின்னர் அமெரிக்காவுக்குப் போனார். பாஸ்டனில் பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. அங்கே பேராசிரியர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளையும் இருவரும் கண்டறிந்தார்கள். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு மாறினார்.

கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா ஏற்கெனவே பம்பாயில் கண்டிருந்தார். கீரையிலும் இருக்கும் அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். பி வைட்டமின் வரிசையில் ஒன்பதாவது. 1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு அது மருந்தானது. அண்ணன் தம்பிக்குக் கிடைக்காதது ஊருக்கெல்லாம் கிடைத்தது!

அதே வேதிப்பொருளைச் சற்று மாற்றித்தான் புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட்டும் பிறந்தது. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அவருடைய குழு தந்ததே. ஆனால் நோபல் பரிசு இல்லை, பெரிய புகழும் இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தாயகம் திரும்பாமலே மறைந்தார். 1995-ல் நம் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

புது ரத்த அணுக்கள் உருவாக இந்தச் சத்து வேண்டும். கருவின் முதல் வாரங்களில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக அமையவும் வேண்டும். கீரை, பருப்பு, நிலக்கடலையில் இருக்கிறது. தண்ணீரில் கரைவதால், கீரை வெந்த நீரைக் கொட்டினால் சத்தும் சாக்கடைக்குத்தான் போகும்.

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். நர்ஸம்மாவிடம் கேட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட ஆரம்பித்தாள். குமட்டல் குறைந்தது. இப்போது மருமகள் தவழ்கிறாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள். அரியர் வைத்தவர்கள் மனம் தளராதீர்கள். நானும் நவம்பரில் மறுபடி கணக்குத் தேர்வு எழுதுகிறேன்.