தாய்மாரின் தோழி டாக்டர் ஐடா ஸ்கட்டர்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டி கட்டி நாமக்கல் வந்து சேருமுன் உயிர்விட்ட தாய்மாரின் கதைகளும் நம் கிராமத்து வீடுகளில் உண்டு. அந்த மறுபிறவியை அச்சமின்றிக் கடக்கத் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வழி செய்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

அவர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்கட்டர் அமெரிக்க மிஷனரி மருத்துவர். சிறுவயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஐடாவுக்கு இந்நாட்டில் தங்க விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்தவர், நோயுற்ற தாயாரைக் கவனிக்கவே திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். தந்தையாரை அழைத்துச் செல்லும்படி ஐடா வேண்டினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. மருத்துவர் அருகிலிருந்தும் அவர்கள் மாண்டனர். பெண் மருத்துவர் இல்லாததே குறை. அந்த இரவு ஐடாவின் வாழ்வை மாற்றிவிட்டது.

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. ஒருவர் கை போதாது என உணர்ந்து, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர்கூடச் சேரமாட்டார்கள் என்று நகைத்தவர்கள் உண்டு. விண்ணப்பித்தவர்களோ 151 பேர்! 1922-இல் முதல் அணியில் 14 பேர் தேறினர். அப்பள்ளியே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அம்மையார் 1960 மே 24 அன்று, 89-ஆம் வயதில், கோடைக்கானலில் காலமானார்.

இன்று மருத்துவம் தாயின் உயிரைக் காப்பதோடு வேதனையையும் தணிக்கிறது. 1847-இல் எடின்பரோ நகரின் டாக்டர் சிம்சன் பிரசவத்தில் குளோரோபாரம் கொடுத்தபோது தாய் நினைவிழந்தாள். இக்காலத்து எபிடியூரல் முறையில், கீழ்முதுகில் முதுகெலும்புகளுக்கிடையே மெல்லிய குழாய் செருகி மருந்து செலுத்துகின்றனர். தாய் விழித்திருக்கிறாள், வலி மட்டும் குறைகிறது. குழந்தை வெளிவரச் சற்று நேரம் கூடலாம். ஆனால் இதனால் சிசேரியன் அதிகமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தாயின் இரத்த அழுத்தம் இறங்கக்கூடுமாதலால் மயக்க மருந்து மருத்துவர் உடனிருந்து கவனிக்க வேண்டும்.

ஆகவே மருந்து மட்டும் போதாது, பயின்ற கையும் அருகில் வேண்டும் என்பதே அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தரும் பாடம். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெண்ணின் விதி என்று இனியும் சொல்ல வேண்டாம். நம் வகுப்பில் சிலரேனும் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவோம். எந்த நள்ளிரவில் எவர் கதவைத் தட்டினாலும், எழுந்து போகத் தகுதி உடையவர்களாய் இருப்போம்.