புழுவைத் தேடிக் கப்பல் ஏறியவர்

கம்பளிப்புழுவைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுவோர் உண்டு. அந்தப் புழுவைத் தேடி ஒரு பெண்மணி கடல் கடந்து போனார். அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன்.

மரியா 1647-ம் ஆண்டு ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் நகரில் பிறந்தாள். 3 வயதில் தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டாள். வந்தவர் பூக்களை வரையும் ஓவியர். நல்ல மனிதர். சிறுமிக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார்.

13 வயதில் மரியா பட்டுப்புழு வளர்த்தாள். பிறகு கண்ணில் பட்ட புழுவை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்!

சேற்றிலும் அழுகலிலும் புழுக்கள் தாமாகவே உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. படித்தவர்களும் நம்பினார்கள். மரியா கண்டது வேறு. முட்டையில் இருந்து புழு வந்தது. புழு கூடு கட்டியது. கூட்டில் இருந்து பூச்சி பறந்தது.

இலையும் புழுவும்

புழு வளர்ப்பது எளிதல்ல. பல புழுக்கள் தங்களுக்கு உரிய செடியின் இலையைத்தான் தின்னும். வேறு இலையைப் போட்டால் தொடாது. பட்டினி கிடந்து சாகும். ஆகவே எந்தப் புழுவுக்கு எந்த இலை என்பதை மரியா குறித்துவைத்தார்.

சில கூடுகளில் வண்ணத்துப்பூச்சி வராது. சின்னஞ்சிறு ஈக்கள் வரும். (அவை புழுவின் உடலைத் தின்று வளர்ந்தவை.) அதையும் விடாமல் எழுதினார்.

1679-ல் அவர் புத்தகம் வந்தது. அதில் 50 படங்கள். கேமரா இல்லாத காலம். புழு, கூடு, பூச்சி, அது தின்னும் செடி எல்லாம் ஒரே படத்தில் இருந்தன.

காட்டுக்குள்

கணவரைப் பிரிந்த மரியா ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். 1699-ல், 52-வது வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்தார். இளைய மகளுடன் தென் அமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு அது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சர்க்கரையைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியாது!

காட்டில் அவருக்கு வழி வெட்டிக்கொடுத்தவர்கள் அடிமைகள். செடிகளைப் பற்றிச் சொன்னவர்கள் அவர்களும் அந்த மண்ணின் மக்களும்தான்.

வெயிலும் நோயும் மரியாவை வாட்டின. 1701-ல் திரும்பிவிட்டார். ஆனாலும் 1705-ல் 60 படங்களுடன் சூரினாம் புத்தகம் வெளிவந்தது.

1717-ல் மரியா இறந்தார். 1992-ல் ஜெர்மனி வெளியிட்ட 500 மார்க் நோட்டின் முன்பக்கத்தில் அவர் முகம் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு செடி. அதில் ஒரு கம்பளிப்புழு!