கேனரியிலிருந்து ஆக்சிஜன் அலாரம் வரை: யார் இந்த ஹால்டேன்?

ஆலைத் தொட்டிக்குள் இறங்குறவங்க சட்டையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். காற்றில் 20.9% இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5%-க்குக் கீழே போனா அலறும். மூக்குக்குத் தெரியாத ஆபத்து இது. அதை முன்கூட்டியே காட்ட வழி தேடியவர், 1860-ல் எடின்பரோவில் பிறந்த ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1896-ல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிவிபத்தில் 57 பேர் இறந்தாங்க. உடல்களைப் பரிசோதித்த ஹால்டேன், பெரும்பாலானோரைக் கொன்றது வெடி இல்ல, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கும் கார்பன் மோனாக்சைடுனு காட்டினார். அந்த வாயுவைத் தானே சுவாசிச்சும் பார்த்தார். மனுஷனுக்கு முன்னாடியே மயங்கும் சுண்டெலி, கேனரியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னார். பிரிட்டனில் 1980-கள் வரை கேனரி வேலை பார்த்துச்சு.

மகனையும் விடல. மீத்தேன் தேங்கிய சுரங்கத்தில் நிற்கவெச்சு ஷேக்ஸ்பியர் வசனம் பேசச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சிறுவன் சரிந்தான். தரையில் கிடந்ததும் மூச்சு சீரானது. மீத்தேன் லேசானது, மேலே தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். சில வாயுக்கள் கீழே தேங்கும். அதனால்தான் ஆள் இறங்கும் முன்னாடி மேலே, நடுவே, அடியில்னு மூணு இடத்திலும் அளக்கணும்.

ஹால்டேன் 1936-ல் மறைந்தார். அந்தச் சிறுவன்தான், பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964-ல் புவனேஸ்வரில் மறைந்த விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன்.