வெங்காயத் தாமரைக்குப் பெயர் வைத்தவர்

ஏரி, குளம், வாய்க்கால் எங்கும் ஊதாப் பூ பூத்துக் கிடக்கும் வெங்காயத் தாமரையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பூ அழகுதான். ஆனால் தண்ணீர் மேலே பாய் விரித்த மாதிரி மூடிவிடும். அடியில் வெளிச்சமும் காற்றும் குறைந்து மீன்கள் செத்துப்போகும். இதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் கார்ல் மார்ட்டியஸ்.

இவர் 1794-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். 1817-ல் பவேரியா மன்னர் இவரையும் ஸ்பிக்ஸ் என்ற விலங்கியல் அறிஞரையும் பிரேசிலுக்கு அனுப்பினார். காட்டிலும் ஆற்றிலும் ரொம்பக் கஷ்டப்பட்டு, 1820-ல் சுமார் 6,500 வகைச் செடிகளோடு திரும்பினார்கள்.

செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று எழுதி வைப்பார்கள். அந்தத் தொகுப்புக்கு ஹெர்பேரியம் என்று பெயர். 1823-ல் வெங்காயத் தாமரைக்கு மார்ட்டியஸ் கிராசிப்பஸ் என்ற பெயர் கொடுத்தார். தடித்த கால் என்று அர்த்தம். இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பி இருக்கிறது அல்லவா!

ஆனால் ஒரு விஷயம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அமேசான் பழங்குடிப் பிள்ளைகளையும் அவர்கள் கப்பலில் கொண்டுபோனார்கள். மியூனிக் வரை உயிரோடு போய்ச் சேர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் நோய் வந்து 1821, 1822-ல் இறந்துவிட்டார்கள். செடியைப் பறிப்பதும் பிள்ளையைப் பிரிப்பதும் ஒன்றா? பெரிய அறிஞர் செய்தாலும் தப்பு தப்புதான்.

1840-ல் பிரேசில் தாவரங்கள் பற்றிய பெரிய நூலைத் தொடங்கினார். 1868-ல் மார்ட்டியஸ் இறந்தார். மற்றவர்கள் 1906-ல் அதை முடித்தார்கள். அதில் 22,767 வகைகள் உள்ளன.

தாளில் ஒட்டிய செடி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பூ அழகு என்று உயிரோடு எடுத்துப்போனவர்கள்தான் நாடு நாடாகப் பரப்பினார்கள். 1800-களின் கடைசியில் அது வங்காளத்துக்கும் வந்துவிட்டது. அதன் சொந்த இடம் தென் அமெரிக்கா என்று தெரிந்ததால், அதைத் தின்னும் வண்டுகளை அங்கே தேடிப் பிடித்தார்கள். 1980-களில் இந்தியாவிலும் அவற்றை விட்டார்கள்.

ஆகவே நண்பர்களே, தொட்டியில் வளர்த்த செடியைக் குளத்தில் போடாதீர்கள். செடி சேகரித்து ஒட்டும்போது ஊரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். நூறு வருஷம் கழித்தும் அது உதவும்.